வண்டி இன்சூரன்ஸ் என்றொரு ஃபைல்

1

இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. என் தங்கை கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அவள் கடை மூலையில் உட்கார்ந்து எழுதலாமென்று போனேன். எழுத்து வரவில்லை, காது மட்டும் நன்றாக வேலை செய்தது.

முதல் வரி இப்படி வந்தது: "கணவனை இழந்த அந்தப் பெண், அவன் குரலைத் தேடி..."

அடித்துவிட்டேன். கடைக்கு வந்த அந்த அம்மாவின் கணவர் அவர் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார். (அவரைக் கொன்றுவிட்டால் உங்களைச் சுலபமாக அழவைக்கலாம். வெட்கங்கெட்ட ஆசைதான், என்ன செய்ய.)

2

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது மடியில் ஒரு சிலேட்டு. நாங்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டோம்.

போனில் அவர் குரல் இருக்காதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். போன் நிரம்பினால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு போனில் அழித்துவிடுவது அந்த வீட்டு வழக்கமாம். அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் இப்போது வைரஸ்.

"மெயில்ல ஏதோ பில்லுன்னு வந்துது. நான்தாம்மா திறந்தேன். என் கையை ஒடிச்சுப் போடணும்," என்றார் அவர் மனைவி.

மாஸ்டர் சிலேட்டில் எழுதினார்: 'நானா இருந்தாலும் திறந்திருப்பேன்.'

"இவர் ஒருத்தர்! திட்டவும் மாட்டார்."

3

தங்கை செய்த வேலையை எப்படி எழுதினாலும் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாள். அதனால் அவள் வாயாலேயே கேளுங்கள்.

"அக்கா, நான் யாரோடயும் போராடல. டிஸ்க்கைக் கழட்டி, நெட் இல்லாத வேற மெஷின்ல மாட்டினேன். படம், பாட்டு, வீடியோ, இதை மட்டும் எடுப்பேன். புரோகிராம் ஃபைல் எதையும் தொட மாட்டேன், அதுலதான் வைரஸ் ஒளிஞ்சிருக்கும். அவ்ளோதான்."

அவ்வளவுதான், ஆனால் எடுக்க ஒன்றுமில்லை. படம், வீடியோ எல்லாவற்றையும் வைரஸ் பூட்டி வைத்து, திறக்கப் பணம் கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தது.

"சாவி என்கிட்ட இல்லம்மா. பொய் சொல்ல மனசு வரல."

"அவர் பேசினது ஒண்ணுகூடவா இல்ல?"

அந்த அம்மாவின் முகம், ஒரு

(வேண்டாம், முகத்தை விடுங்கள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.)

4

அவர்களுடைய சொந்த ஃபைல்களில் பூட்டாதது ஒன்று இருந்தது. பெயர் 'வண்டி இன்சூரன்ஸ்'. புரோகிராம் வகை.*

"இன்சூரன்ஸ் பேப்பர் எதுக்கு புரோகிராமா இருக்கணும்? இதைத்தான் முதல்ல தூக்கிப் போடணும்," என்றாள் தங்கை.

சிலேட்டு மேஜையில் டமாலென்று விழுந்தது. மாஸ்டர் அவசரமாக எழுதினார்: 'அது என்னுது.'

* இந்த வைரஸ் புரோகிராம்களை மட்டும் விட்டுவிடுமாம். அதையும் பூட்டினால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது, அப்புறம் அதன் மிரட்டலை யார் படிப்பது?

5

ஆபரேஷனுக்கு முன்னால், பிழைப்போமோ மாட்டோமோ என்று மனைவிக்காகப் பேசி, பாஸ்வேர்டு போட்டு, ஒரு புரோகிராமுக்குள் சுருட்டி வைத்திருக்கிறார் மனுஷன். ஏன் அந்தப் பெயர்?

'வண்டி பேப்பரெல்லாம் நான்தான் பாக்கறது. நான் போனாதானே இன்சூரன்ஸைத் தேடுவா.'

"நாசமாப் போச்சு," என்றார் அந்த அம்மா. அழுகையா சிரிப்பா, சொல்லத் தெரியவில்லை.

"ஓட்டிப் பார்க்க மாட்டேன். இதுலயும் வைரஸ் ஒட்டியிருக்கலாம்," என்றாள் தங்கை. "ஆனா ஓட்டாமலே, இந்த ஃபைலைப் பெட்டி மாதிரி பின்பக்கமா பிரிக்கலாம். பாஸ்வேர்டு?"

எழுதிக் காட்டினார். அந்த அம்மாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. (வீட்டில் கூப்பிடும் பேர். இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.)

உள்ளேயிருந்து ஒரே ஒரு ஆடியோ வந்தது. சோதித்தாள், சுத்தமாக இருந்தது.

6

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாஸ்டர் எழுதினார்: 'கேக்காத. செத்தவன் பேசற மாதிரி பேசியிருக்கேன்.'

"உங்க குரல் வேற எங்க இருக்கு? சொல்லுங்க."

முடிவு ஒன்று: முழுதும் கேட்டு அழுகிறார். எழுதினேன், எனக்கே பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: மாஸ்டர் அதை அழித்து, புது வாழ்க்கையின்... சீ, கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. "கொஞ்சம் மட்டும்," என்றார் அந்த அம்மா. மாஸ்டர் சரியென்று தலையாட்டினார். தங்கை பட்டனை அழுத்தினாள். ஒரு செருமல். பிறகு, வண்டியில் பக்கத்து சீட்டிலிருந்து பேசுகிறவர் மாதிரி நிதானமான குரல்:

"என்னம்மா, சாப்பிட்டியா?"

"ம், ஆச்சு. நீங்க?" என்றார் அந்த அம்மா, ஸ்பீக்கரைப் பார்த்து. பழக்கம்.

தங்கை நிறுத்திவிட்டாள். மிச்சத்தை அவர்கள் எப்போது கேட்டார்கள், கேட்டார்களா, எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். அதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அந்த அம்மா ஸ்பீக்கரை விட்டுப் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி, "உங்களைத்தான் கேக்கறேன், சாப்பிட்டீங்களா?" என்றார். மாஸ்டர் சிலேட்டை எடுக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினார்.

"எழுந்திரிங்க, போகலாம்," என்றார் அந்த அம்மா.