இரண்டு கரையிலும் நோன்பு திறக்கப் போனவன்

ஸினான் ஜுபூரி சுன்னியா ஷியாவா என்று பாக்தாத் டீக்கடைகளில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த ரமலான் அது. பந்தயம் கட்டியவர்களில் பாதிப் பேர் என்னிடம் வந்து துருவினார்கள். அவனுக்கு மேக்கப் போடுகிறவள் நான். தினமும் இரண்டு மணி நேரம் ஒருவன் முகத்தைக் கையில் வைத்திருப்பவளுக்கு அது தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. "மூக்கு மேல ரெண்டு பரு இருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று சொல்லி விரட்டுவேன்.

என் பெயர் நஹ்ரின். அசிரியக் கிறிஸ்தவள். அதனால் இரண்டு தரப்பும் என்னிடம் அடுத்தவரைப் பற்றிக் கூசாமல் புறம் பேசும். முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இங்கே பெயரைக் கேட்டாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள். உமர் என்றால் சுன்னி, அப்துல் ஹுசைன் என்றால் ஷியா. ஸினான் என்ற பெயர் யாருக்கும் பிடிகொடுக்காது. ஜுபூரி குலத்திலோ இரண்டு தரப்பாரும் இருக்கிறார்கள். அவனைப் பெற்றவர்கள் யோசித்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பா கஹ்தான், அஃதமிய்யாவில் பிறந்த சுன்னி. அம்மா பதூல், எதிர்க்கரை காதிமிய்யாவில் பிறந்த ஷியா, என் பழைய சிநேகிதி. இரண்டுக்கும் நடுவே ஆறும் ஒரு பாலமும். இந்த விஷயம் தெரிந்த நான்கைந்து பேரில் நானும் ஒருத்தி.

பையன் முந்தைய ரமலானில் ஒரு தொடரில் வில்லனின் தம்பியாக வந்து எட்டாவது நாளே செத்துப்போனான். அவன் செத்த அழகைப் பார்த்து நாட்டிலிருக்கும் பெண்களெல்லாம் அழுதார்கள். அடுத்த வருஷமே இயக்குநர் விஸாம் அவனைக் கதாநாயகனாகப் போட்டுப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். முதல் படம். அது ஓடினால் ஸினான் பெரிய ஆள். நின்றுபோனால் பழையபடி சோப்பு விளம்பரம்தான்.

படம் நின்றுபோக எல்லா வழியும் இருந்தது. பணமும் படப்பிடிப்பு விளக்குகளும் அஃதமிய்யாவின் ஷேக் மிஜ்பில் கொடுத்தவை. தியேட்டர்கள் காதிமிய்யாவின் ஸையித் அப்துல் ஸாஹிப் கையில். இருவருக்கும் ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு டிவி சேனல். அடுத்த மாதம் தேர்தல். இருவரும் ஒரே நிபந்தனை போட்டார்கள்: என் வீட்டு இஃப்தாருக்குப் பையன் வரவேண்டும், என் சேனல் நேரலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நோன்பு திறக்கவேண்டும். யார் வீட்டுக்கு முதலில் போவது என்று கேட்டதற்கு இருவருமே இரண்டாவதாக இருக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார்கள். கடைசியில் இரண்டு விருந்தும் ஒரே நாளில் வந்து விழுந்தது.

விஸாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஸினான்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"அக்கா, கால் மணி நேரம் இருக்குல்ல?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. சூரியன் விழுந்ததுமே அஃதமிய்யாவில் பாங்கு சொல்லிவிடுவார்கள். காதிமிய்யாவில் கிழக்கு வானத்துச் சிவப்பு அடங்கட்டும் என்று இன்னும் ஒரு கால் மணி நேரம் பொறுப்பார்கள். அஃதமிய்யாவில் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டினால், காதிமிய்யாவில் இரண்டாவது பழத்துக்கு நேரம் சரியாக இருக்கும்.

"ரெண்டும் நேரலைடா, பாவி. மாட்டிக்குவோம்."

"ஷேக் சேனலைப் பார்க்கிறவன் ஸையித் சேனலைப் பார்ப்பானா அக்கா? ரிமோட்லயே அந்த எண்ணை அழிச்சு வெச்சிருப்பான்."

அதுவும் நியாயம்தான். எனக்குக் குறும்பு என்றால் சின்ன வயதிலிருந்தே நாக்கில் எச்சில் ஊறும். ஒப்புக்கொண்டேன்.

ஷேக் வீட்டுப் பந்தலில் இருநூறு பேர். முழு ஆடுகள் சோற்றின் மேல் படுத்திருந்தன. ஷேக் மிஜ்பில் ஸினானை இழுத்துத் தன் தோளோடு தோளாக உட்காரவைத்தார். நான் கேமராவுக்குப் பின்னால் பவுடர் டப்பாவோடு நின்றேன். வெளியே எங்கள் கார், முகம் வாசலைப் பார்த்தபடி. திட்டம் இதுதான்: பாங்கு, ஒரு பழம், ஒரு புன்னகை, "ஐயோ, அவசர ஷூட்டிங்!", ஓட்டம்.

பாங்கு கேட்டது. இருநூறு கைகள் வாய்க்குப் போயின. ஸினானும் பழத்தை எடுத்தான். உதடு வரை கொண்டுபோனான். அங்கேயே நின்றுவிட்டான்.

முதலில் நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். நடிகனல்லவா, ஒரு கணம் இழுத்துக் காட்டுகிறான் என்று. கணம் நிமிஷமானது. ஷேக் இரண்டு பழம் முடித்து மோர் குடித்துவிட்டார். பையன் கையில் பழத்தோடு சிலையாக உட்கார்ந்திருந்தான். 'தின்னுடா, தின்னுத் தொலைடா' என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து வாயை அசைத்துக் காட்டினேன். என்னைப் பார்த்தான். முழித்தான். கை மட்டும் மேலே போகவில்லை.

அவன் வீட்டில் நான் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான் அது. கஹ்தானுக்கு முதல் பாங்கிலேயே நோன்பு முடிந்துவிடும். ஆனால் பதூல் சாப்பிட இன்னும் கால் மணி நேரம் ஆகும். அவள் எதிரே பசியோடு உட்கார்ந்திருக்கும்போது தான் மட்டும் மெல்வதற்கு மனிதருக்கு மனசு வராது. பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பையனுக்கு ஏழு வயதில் முதல் நோன்பு. அப்பாவைப் பார்த்து அவனும் உருட்டினான். அதற்கப்புறம் பதினேழு ரமலான் போய்விட்டது. திட்டம் போட்டபோது இந்தப் பழக்கத்தை அவனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மைக்கை நீட்டினார் சேனல்காரர். "என்ன தம்பி, பழம் பிடிக்கலையா?"

ஸினானுக்கு எத்தனை பக்க வசனம் கொடுத்தாலும் ஒரே மூச்சில் பேசுவான். அன்றைக்குப் பார்த்து உண்மை வந்துவிட்டது.

"அம்மா இன்னும் சாப்பிடல."

பந்தலில் மெல்லும் சத்தம் நின்றது. அந்த நேரத்தில் பாக்தாத்தில் எந்த அம்மா இன்னும் சாப்பிட்டிருக்கமாட்டாள் என்று அங்கிருந்த சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஷேக்கின் முகம் நான் வைத்திருந்த எந்தப் பவுடரிலும் இல்லாத நிறத்துக்குப் போனது. நான் பாய்ந்து போய்ப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

நோன்பு திறக்கும் நேரத்தில் சாலையில் ஈ காக்கை இருக்காது. கார் பாலத்தில் ஏறியபோது என் போன் அடித்தது. பதூல்.

"நஹ்ரின், டிவியில பார்த்தேன். எம் புள்ள கையில பழத்தை வெச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருந்தானே, அவன்கிட்ட சொல்லு. நான் சாப்பிட்டுட்டேன்."

"என்ன சொல்ற? உனக்கு இன்னும் நேரம் ஆகலையே!"

"சாப்பிட்டுட்டேன்னு சொல்றேன்ல? பெருநாளுக்கு அப்புறம் ஒரு நாள் நோன்பு பிடிச்சு ஈடுகட்டிக்கிறேன். அவனைச் சாப்பிடச் சொல்லு. காலையிலேருந்து வெயில்ல ஓடுறான்."

ஸ்பீக்கரில் அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பது வருஷத்தில் ஒரு நிமிஷம் கூட முந்தாத பொம்பளை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வயிற்றுக்கு அதெல்லாம் தெரியுமா? நோன்பு பிடிக்காத பாவி நான் என் மேக்கப் பெட்டியின் அடித்தட்டில் ஒளித்து வைத்திருந்த கப்பா உருண்டைகளை மோப்பம் பிடித்துவிட்டான். முஷ்டி அளவு உருண்டை, உள்ளே கறியும் பாதாமும். முழுசாக ஒன்றை வாயில் திணித்தான். அடுத்ததையும் திணித்தான்.

"மெதுவாடா! இன்னும் ரெண்டு நிமிஷத்துல அங்க இருக்கணும்!"

கார் நின்றது. நான் முகத்தைத் துடைப்பதற்குள் ஸையிதின் ஆட்கள் கதவைத் திறந்து அவனைக் கேமராவுக்கு நேராகக் கொண்டுபோய்விட்டார்கள். ஸையித் அப்துல் ஸாஹிப்புக்கு அதற்குள் செய்தி எட்டியிருந்தது. ஷேக் வீட்டில் பையன் பழத்தைத் தொடவில்லையாம்! கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"வாப்பா, வா! நீ யாரு பிள்ளைன்னு ஊருக்கே காட்டிட்டே. அவங்க சாப்பாட்டைக் கையால தள்ளிட்டு..."

பேச்சு பாதியில் நின்றது. பாங்குக்கு இன்னும் ஐந்து நிமிஷம். முந்நூறு பேர் வறண்ட வாயோடு உட்கார்ந்திருக்கும் கூடத்தில், கதாநாயகனின் இரண்டு கன்னமும் உப்பி மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தன.

"வாயில என்ன?" என்றார் ஸையித், நேரலை என்பதையும் மறந்து.

விழுங்கினான். அது எங்கே அவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது? தொண்டையில் அடைத்து, கண்ணில் நீர் வந்து, மார்பில் இரண்டு குத்து குத்திக்கொண்டு கடைசியில் சொன்னான்:

"அம்மா சாப்பிட்டாச்சு."

மறுநாள் காலை நாடே இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுன்னி வீட்டில் பட்டினி, ஷியா வீட்டில் வாய் நிறைய. டீக்கடையில் பந்தயம் கட்டியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். விஸாம் என் வீட்டு வாசலில் வந்து அழாத குறை. ஷேக் பணத்தையும் விளக்குகளையும் திருப்பிக் கேட்டுவிட்டாராம். ஸையித், என் தியேட்டர் படிக்கட்டில் அவன் காலை வைக்கக்கூடாது என்றாராம். படம் முடிந்தது, ஆரம்பிக்கும் முன்பே.

ஸினான் உள்ளே ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வரும். போனை எடுத்தேன்.

முதலில் ஷேக்கின் செயலாளர். "ஐயா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஸையித் ஆளுங்க பையனை வாசல் மிதிக்காதேன்னுட்டாங்க. அவங்க நேரம் ஆகறதுக்குள்ள அவங்க முன்னாடியே மென்னுட்டானாம். அவங்களுக்குப் பத்திக்கிட்டு எரியுது."

"அப்படியா? அவங்க முகத்துக்கு நேராவே மென்னானா?" குரலில் தேன் சொட்டியது.

அடுத்து ஸையிதின் மருமகன். "தம்பி, ஷேக் மிஜ்பில் கொதிச்சுப் போய் இருக்காரு. இருநூறு பேர் முன்னாடி பழத்தைத் தொடாம அவமானப்படுத்திட்டானாம். குடுத்த விளக்கைக் கூடத் திருப்பிக் கேக்கிறாரு."

"அவரே அவ்வளவு கொதிக்கிறாரா? அப்ப பையன் நம்ம பையன்தான்" என்றான் மருமகன்.

நான் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை, கர்த்தர் மேல் ஆணை. இவருக்குக் கோபம் என்றால் அவருக்குச் சொந்தக்காரன், அவருக்குக் கோபம் என்றால் இவருக்குச் சொந்தக்காரன். அவர்கள் அரசியல் மொத்தமும் அவ்வளவுதான். மதியத்துக்குள் விளக்குகள் திரும்பி வந்தன. சாயங்காலத்துக்குள் தியேட்டர்களும் வந்தன. ஆறு தெருக்களில் ஷேக்கின் சுவரொட்டியில் ஸினான் சிரித்தான், எதிர்க்கரையில் ஏழு தெருக்களில் ஸையிதின் சுவரொட்டியில் சிரித்தான். இரண்டிலும் என் மேக்கப்.

படம் பிழைத்த செய்தியைச் சொல்ல அவன் வீட்டுக்குப் போனேன். பதூல் அடுப்படியில் இருந்தாள். கஹ்தான் என்னை வாசலிலேயே மடக்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"நஹ்ரின், உனக்கு ஒண்ணு தெரியுமா? அன்னிக்கு அவ சாப்பிடவே இல்ல."

"என்னண்ணே சொல்றீங்க? போன்ல சொன்னாளே!"

"சொன்னா. ஒரு கையில போன், மறு கையில பழம். போனை வெச்சுட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னா. கிழக்கே சிவப்பு போற வரைக்கும் பழத்தை வாயில வைக்கல. நானும்தான் கூட உட்கார்ந்திருந்தேன்."

ஸினானுக்கு இது தெரியாது. தன்னால் அம்மாவின் நோன்பு ஒன்று கெட்டுப்போயிற்று என்று ரமலான் முடியும் வரை உருகிக்கொண்டிருந்தான். பெருநாள் கழிந்த வாரம், "நீ ஈடுகட்டுற அன்னிக்கு நானும் கூடப் பிடிக்கிறேம்மா" என்று வந்து நின்றான். பதூலுக்கு வேறு வழியில்லை. பிடித்தாள். பையன் படப்பிடிப்பில் மூன்று சண்டைக் காட்சிகளை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் முடித்தான். மனைவியும் மகனும் காயும்போது தனக்கு மட்டும் எப்படிச் சோறு இறங்கும் என்று கஹ்தானும் சேர்ந்துகொண்டார். யாருக்கும் பாக்கியே இல்லாத ஒரு நோன்பை மூன்று பேர் பிடித்தார்கள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, உனக்கே இது அடுக்குமா? உன் பொய்யை நம்பி அவன் வாயில கப்பாவை அடைச்சுக்கிட்டதாலதான் படமே கவுந்துபோகப் பார்த்துச்சு. இப்ப மூணு பேரும் வெயில்ல காயறீங்க. சாப்பிடலைன்னு ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

பதூல் கூடத்தை எட்டிப் பார்த்தாள். பையன் சோபாவில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், முகத்தில் என் மேக்கப் இன்னும் பாதி கலையாமல்.

"சொல்லலாம். அப்புறம், இன்னொரு நாள் நான் சாப்பிட்டேன்னு சொன்னா அவன் நம்பிச் சாப்பிடுவானா?"

நான் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன்.