உருட்டின வாக்கு

கட்டிலின் காலைத் தூக்கப் போன மகளின் கையை அபிதகுஜாம்பாள் தட்டிவிட்டாள்.

"வேண்டாம்டி ஸஹானா. அப்பாவுக்குத் தெக்கே தலை போயிடும்."

"எல்லாரும் அப்படித்தானேம்மா தூங்கறா?"

"நன்னா இருக்கறவா தூங்கலாம். இவரை இப்போ அப்படி வெச்சா, எல்லாம் ஆயிடுத்துன்னு அர்த்தம்."

அவளுக்குப் பயம். அதை ஒப்புக்கொள்ளும் ஜாதி இல்லை அவள்.

டாக்டர் கைவிரித்து, பெருங்களத்தூர் வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து அவள் கணவர் வைத்தீஸ்வரனுக்கு, கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி ஒரே பிடிவாதம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், எஃகுத் தகட்டை அழுத்திக் கார் கதவு செய்யும் தொழிற்சாலையில் தகடு சோதித்தே தலை நரைத்தவர். இப்போது தாமே தகடாகிவிட்டார்.

"தப்பாப் போட்டிருக்கேள்," என்றார் மூடிய கண்ணோடு. "உருட்டின வாக்குலயே மடிப்பு விழறது. கிழிஞ்சுடுவேன். குறுக்கே போடுங்கோ."

ஸஹானாவுக்குப் புரிந்தது. அந்த வீட்டில் ரசஞ்சாதத்தோடு பரிமாறப்பட்ட விஷயம் அது. உருளைகளுக்கு நடுவே நசுங்கி வரும் எஃகுக்குள், கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் நீண்டு ஒரே வாக்கில் சாய்ந்துவிடும். அந்த வாக்கிலேயே மடித்தால் விரிசல். குறுக்கே மடித்தால் அதே தகடு சொன்னபடி வளையும்.

"உள்ளே எல்லாரும் படுத்துண்டிருக்கா, அபி." குரல் எங்கோ தண்ணீருக்கடியிலிருந்து வந்தது. "பளபளன்னு... ஒரே பக்கம் பாத்துண்டு... என்னைத்தான் திருப்பிப் போட மாட்டேங்கறா."

மகள் எதிரில் அவர் அவளை அபி என்று கூப்பிட்டதே கிடையாது. வெளியே மழை, ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன்களைக் கரைத்துக்கொண்டிருந்தது. அபிதகுஜாம்பாள் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகு தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் பிடி."

கட்டில் திரும்பியது. அவர் மெல்ல முழங்காலை மடித்தார். பல நாளாக மடிக்காத கால்.

"ஆஹா," என்றார். "ஒரு கீறல் இல்லை."

அப்படியே தூங்கினார். மழை விட்டு, ஜன்னலில் மஞ்சள் வெயில் வந்தது. மூச்சு எப்போது நின்றது என்று பக்கத்திலிருந்த இருவருக்கும் தெரியவில்லை.

அபிதகுஜாம்பாளின் தம்பி கிட்டு ஓடி வந்து, அழுது முடித்து, காரியத்தில் இறங்கினான். "அக்கா, தெக்கே தலை வெக்கணும். ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா..." சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். "தெக்கேதானே இருக்கு! இதை யார் திருப்பினா?"

ஸஹானா வாயைத் திறந்தாள்.

"நான்தான்," என்றாள் அபிதகுஜாம்பாள்.

கிட்டு, மடங்கியிருந்த காலை நீட்டக் குனிந்தான்.

"நீ விடு."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, முழங்காலை உள்ளங்கையால் நீவத் தொடங்கினாள். அவசரமே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, கால் நேராயிற்று.