வணக்கத்துக்குரிய ஓரகத்தி

என் ஓரகத்தியை நான் வணக்கத்துக்குரியவள் என்று அழைக்க வேண்டுமாம். மாநகராட்சி விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. மேயரிடம் பேசுகிறவர்கள் ‘வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே’ என்று தொடங்க வேண்டும், மேயரைப் பற்றி எழுதுகிறவர்களும் அந்தச் சொல்லை விடக் கூடாது. முதல் மேயர் காலத்து வழக்கம். மன்றக் கூட்டங்களுக்கு இருபத்திரண்டு வருடமாக மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு, எழுதுகிறவள் நான். இதுவரை இருபத்தொரு மேயர்களுக்கு அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். அவர்களில் இரண்டு பேர் கூட்டம் நடக்கும்போதே குறட்டை விட்டவர்கள். ஒருவருக்குத் தன் வார்டு எது என்பதே கடைசிவரை சரியாகத் தெரியாது. அவர்களுக்கெல்லாம் எழுதியபோது கை வலித்ததில்லை. இவளுக்கு எழுத உட்கார்ந்தால் பேனா முரண்டு பிடித்தது.

இவள் என் கொழுந்தன் மனைவி. ஒரே வீடு, நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். மாடி முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையச் சிரிப்பு, எழுத்து மட்டும் கோழி கிளறியது போல இருக்கும். அளவு நோட்டில் அவள் எழுதிய ‘இடுப்பு’ எது, ‘தோள்’ எது என்று அவளைத் தவிர யாருக்கும் விளங்காது. என் கையெழுத்தைப் பார்த்து அச்சடித்ததா என்று கேட்ட ஆணையர்கள் உண்டு. அளவு நோட்டுக்காரி சுயேச்சையாக நின்று வார்டில் ஜெயித்தாள். மன்றத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் தங்களுக்குள் ஒத்துப்போக முடியாமல், யாருக்கும் பகையில்லாதவள் என்று இவளைத் தூக்கி மேயர் நாற்காலியில் உட்கார வைத்தன. பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்றால் இதுதான்.

“உனக்குப் பெருமையா இல்லையா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“பெருமையாத்தான் இருக்கு. தொண்டைக்குக் கீழ இறங்க மாட்டேங்குது.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் ஜெயித்ததுகூட எனக்குப் பெரிதில்லை. எதை வைத்து ஜெயித்தாள் என்பதுதான் நெஞ்சில் குத்தியது.

மன்றச் செயலகத்துப் பின்னறையில் பழைய மினிட்ஸ் புத்தகங்கள் எழுபதுக்கு மேல் இருக்கின்றன. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு ஊர்க்கதை பேசும் நேரத்தில் நான் அவற்றைப் படிப்பேன். மேயர் பதவி எப்படி வந்தது, எப்படித் தேய்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முதல் மேயரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிடத்திலிருந்து நியமித்தார்கள். அப்போது சந்தை, குடிநீர், ஆஸ்பத்திரி எல்லாம் மேயர் கையில். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம், ஒரு அதிகாரி என்று பிடுங்கிக்கொண்டார்கள். பதவிக்காலத்தையும் ஒரு வருடமாகக் குறைத்துவிட்டார்கள். இன்று மேயருக்கு மிச்சம் ஒரு அங்கி, ஒரு சங்கிலி, ஒரு மணி. அதோடு, யாருக்கும் நினைவில் இல்லாத ஒரு உரிமை. வாக்குகள் சமமாகிவிட்டால் மேயர் இன்னொரு முறை வாக்களிக்கலாம். விதி முப்பத்தொன்று.

மூன்றாவது மேயர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். தெருவாசலை ஒட்டிய சின்ன அறையில் தினமும் காலை ஒரு மணி நேரம் உட்காருவாராம். மனுவும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பேசலாம். வாசல் அறை என்று பெயர். முதல் நாள் வந்தவள் ஒரு சலவைக்காரி. தன் தெருவில் விளக்கு எரியவில்லை என்றாள். அன்று சாயங்காலமே விளக்கு எரிந்தது என்று மினிட்ஸில் இருக்கிறது. அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன.

இதை நான் ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என் ஓரகத்தியிடம் சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். அவள் மடியில் ஒரு பாவாடையை வைத்து விளிம்பு மடித்துக்கொண்டே கேட்டாள். “அப்புறம் என்னக்கா ஆச்சு?” என்று மூன்று தடவை கேட்டாள். ஆறு மாதம் கழித்துத் தேர்தல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதே சலவைக்காரி, அதே விளக்கு, அதே வாசல் அறை. “நான் வந்தா அந்தக் கதவைத் தெறப்பேன்” என்றாள். தெருவே கைதட்டியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. இருபது வருடத்துக்கு மேல் அந்தப் புத்தகத் தூசி தின்றவள் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

பதவியேற்ற நாளிலும் அவள்தான் மிஞ்சினாள். அங்கியும் சங்கிலியும் வைக்கும் பீரோவின் சாவி என்னிடம். அங்கி ஆறடி ஆளுக்குத் தைத்தது. இவள் ஐந்தடி. தடுக்கி விழட்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் கொஞ்சம் தள்ளாடினால் பரவாயில்லை என்று நினைத்தேன். அவள் கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள். மேயர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மணி நேரத்தில் அங்கியின் விளிம்பை மடித்துத் தைத்துவிட்டாள். பத்திரிகைக்காரன் அதைப் படம் எடுத்துப் போட்டான். மறுநாள் ஊரெல்லாம் அந்தப் படம்தான். நான் அந்தச் சங்கிலியை ஒருநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, கழுத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கனமாக இருந்தது. எனக்குப் பொருத்தமாகவும் இருந்தது. அதை யார் படம் எடுத்தார்கள்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

அவளுடைய முதல் தீர்மானம் அந்த வாசல் அறைதான். மறுபடி திறக்க வேண்டும், மேயர் தினமும் ஒரு மணி நேரம் அங்கே உட்கார வேண்டும். மரக்கடைக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும், அந்த இரண்டு கட்சிகளில் ஒன்றின் மன்றத் தலைவர் அதை எதிர்த்தார். யார் வேண்டுமானாலும் நேராக மேயரிடம் போய்விட்டால் கவுன்சிலரை யார் மதிப்பார்கள் என்பது அவர் கவலை. தோற்ற தீர்மானத்தை ஒரு வருடத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது. அவள் பதவியே ஒரு வருடம்தான். அன்று விழுந்தால் விழுந்ததுதான்.

மேயர் மேடையின் இடப்பக்கம், ஒரு படி கீழே, என் மேசை. சபை நடத்தும்போது மேயருக்குத் தடுமாற்றம் வந்தால் நான் ஒரு துண்டுச்சீட்டில் விதியை எழுதி மேலே நீட்டுவேன். பாதி மேயர்கள் என் சீட்டைப் படித்துத்தான் பதவியையே ஓட்டினார்கள். அன்று வாக்குகள் சமமாக வரலாம் என்று எனக்குக் காலையிலேயே கணக்குத் தெரிந்துவிட்டது. விதி முப்பத்தொன்றைச் சீட்டில் முன்கூட்டியே எழுதி நாலாக மடித்து எழுதும் அட்டைக்கு அடியில் வைத்தேன். எந்தச் சீட்டு எழுதினாலும் மேலே நேரம் குறிப்பது என் பழக்கம். காலை 9.40 என்று குறித்திருந்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். நான்தான் எண்ணினேன். ஆதரவு இருபத்து நாலு, அவளுடையதையும் சேர்த்து. எதிர்ப்பு இருபத்து நாலு.

மரக்கடைக்காரர் எழுந்தார். “வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே, சமம்னா தீர்மானம் விழுந்துடுச்சுன்னு அர்த்தம். மணியை அடிங்க, அடுத்த பொருளுக்குப் போவோம்.”

மணி அடித்தால் அந்தப் பொருள் முடிந்தது. அவளுக்கு விதி தெரியாது. ஆணையர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை அட்டையின் மேல் இருந்தது. நான் எடுக்கவில்லை.

மறந்துபோனேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. விழட்டும். என் தலைமையாசிரியரும் என் சலவைக்காரியும் என் புத்தகத்துக்கே திரும்பி வரட்டும். மேயர் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, பின்னறையில் உட்கார்ந்தவளும் வேண்டும் என்று ஊருக்குத் தெரியட்டும். இப்படியெல்லாம் நினைத்தேன். மணியின் மீது அவள் கை போவதைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்.

கை பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அப்படியா?”

மைக் திறந்திருந்தது. மண்டபம் முழுக்க ‘அக்கா’ என்று கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நூற்றுச் சொச்சம் வருடத்தில் எந்த மேயரும் மினிட்ஸ் எழுதுகிறவளைச் சபையில் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. இவள் உறவு சொல்லிக் கூப்பிடுகிறாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். பொறாமைக்கு அதுவே தேவாமிர்தம். ஆனால் பொறாமையைவிடப் பெரிய வியாதி ஒன்று எனக்கு உண்டு. எவனாவது விதியைத் தப்பாகச் சொன்னால் என்னால் பொறுக்க முடியாது. அதிலும் விதிப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காத அந்த மரக்கடைக்காரர், என் எதிரிலேயே, அவ்வளவு தெனாவட்டாக.

எழுந்துவிட்டேன். “இல்ல. அவர் சொல்றது தப்பு. சமமா வந்தா மேயருக்கு ரெண்டாவது வாக்கு உண்டு. விதி முப்பத்தொண்ணு. அஞ்சாவது மேயர் அப்படிப் போட்டிருக்காரு. குதிரைங்க தண்ணி குடிக்கத் தொட்டி கட்டுற தீர்மானம்.”

“குதிரைத் தொட்டியா?” என்றார் மரக்கடைக்காரர்.

“ஆமா. எட்டாம் புத்தகம், நூத்திப் பதினாலாம் பக்கம். எடுத்துட்டு வரவா?”

சபை கொல்லென்று சிரித்தது. அவர் உட்கார்ந்தார்.

“அந்த விதியை எழுதிக் குடுங்கக்கா, படிச்சிடறேன்” என்றாள் அவள்.

பழக்கதோஷம். அட்டைக்கு அடியில் கையை விட்டுச் சீட்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவள் விரல் அதைத் தொட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலு மடிப்பைப் பிரித்தாள். மேலே இருந்த நேரத்தைப் பார்த்தாள். சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. அளவு எடுக்கும்போது அவள் பார்க்கிற பார்வை அது.

விதியை வாசித்தாள். கையைத் தூக்கினாள். இருபத்தைந்துக்கு இருபத்து நாலு. மணியை அடித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது “வரேங்க்கா” என்றாள், வழக்கம்போல. என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, தன் வீட்டுக்காரரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் மினிட்ஸ் வரைவை மேயரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். எழுதுகிறவள் மினிட்ஸுக்குள் வரக் கூடாது என்பது முறை. ‘உரிய நேரத்தில் அளித்த குறிப்பின்படி வணக்கத்துக்குரிய மேயர் தமது இரண்டாவது வாக்கை அளித்தார்’ என்று எழுதினேன். யார் அளித்தது என்று எழுதவில்லை. உரிய நேரத்தில் என்பது பச்சைப் பொய். இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அதுதான். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

சாயங்காலம் வரைவு திரும்பி வந்தது. பின்னால் என் துண்டுச்சீட்டு குத்தப்பட்டிருந்தது. தீர்மானத்துக்கு ஆதாரமாக அதைப் புத்தகத்தோடு சேர்க்க வேண்டும் என்பது விதி. யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவளே படித்திருக்கிறாள். ஆனால் சீட்டில் மேல் ஓரம் இல்லை. நேரம் குறித்திருந்த அந்த ஒரு விரல் அகலம் மட்டும் இல்லை. கிழித்ததல்ல. கத்தரியால் இழை பிசகாமல் வெட்டியிருந்தாள்.

பக்கத்தைத் திருப்பினேன். ‘உரிய நேரத்தில்’ என்ற இரண்டு சொற்களையும் ஒரே கோட்டில் அடித்திருந்தாள். அதற்கு மேலே, அளவு நோட்டில் எழுதுகிற அதே கோணல் எழுத்தில், ஒரு சொல். இப்போது அந்த வரி இப்படி இருந்தது: ‘அக்கா அளித்த குறிப்பின்படி வணக்கத்துக்குரிய மேயர் தமது இரண்டாவது வாக்கை அளித்தார்.’

பொய்யை எடுத்துவிட்டாள். என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. எழுபது புத்தகங்களில் ஒன்றில்கூட இல்லாத என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டாள். எல்லாம் ஒரே சொல்லில். என் மினிட்ஸை என்னைவிட நன்றாக எழுதிவிட்டாள், தையற்காரி. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வயிறு எரிந்தது.

புத்தகத்தில் ஏற்ற வேண்டிய நிலையான பிரதியை நான்தான் எழுத வேண்டும். அந்தச் சொல்லை என் கையால் எழுதக் கூச்சமாக இருந்ததால் முதலில் வேறொரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அச்சடித்த மாதிரிதான் வந்தது. கோழி கிளறிய அந்த எழுத்தில்தான் அது நன்றாக இருந்தது.