தலையணையில் சூடு

பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் வராததால் பிள்ளைகளைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெலிடா வேலை செய்யும் சமையற்கூடத்தில் பயறு ஊறப்போடக்கூட வழியில்லை. எண்ணெய்க் கிணறுகளுக்குத் தண்ணீர் சுமக்கும் லாரிகள் மட்டும் அன்யேலோ ஊரின் பெரிய சாலையில் புழுதியை வாரி இறைத்தபடி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வாயில் மண் நறநறக்க நெலிடா ஓரமாக நடந்தாள். போய்க் கொஞ்சம் படுக்கலாம்.

அறைக் கதவைத் தள்ளினாள். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தது. அவளுடைய கட்டிலில், அவளுடைய நீலப் போர்வைக்குள், யாரோ ஒருவன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். கீழே அவன் பூட்ஸ், அடியில் காய்ந்த கறுப்புச் சேறு.

சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நாளாகவே படுத்தால் ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. டீசலும் புளித்த வியர்வையும் கலந்த வாடை. வயதாகித் தன் உடம்புதான் இப்படி நாறத் தொடங்கிவிட்டதென்று நினைத்து, சோப்பை மாற்றி, பள்ளிக்கூடத்தில் மற்றவர்களிடமிருந்து ஒரு எட்டு தள்ளியே நின்றிருந்தாள். அது அவள் வாடையே இல்லை.

அடுக்களையில் அண்ணி ரமோனா மாத்தே இலைக் கசாயம் தயார் செய்துகொண்டிருந்தாள். அண்ணன் செத்தபின் வீடு அவளுடையது.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"என் கட்டில்ல யாரு அண்ணி?"

"எவரிஸ்டோ. வடக்கே சால்டா பக்கத்துப் பையன். எண்ணெய்க் கிணத்துல ராத்திரி ஷிப்ட். நல்ல மாதிரி, குறட்டைகூட விடமாட்டான்."

"என் கட்டில்ல!"

"நீ போனப்புறம் சும்மாதானே கெடக்கு? தேஞ்சா போச்சு?"

"சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுப்ப." ரமோனா கெட்டிலை இறக்கினாள். "வெளிய போய் வாடகை கேட்டுப் பாரு. டாலர்ல சொல்லுவான். உன் சம்பளத்துக்குத் தகரப் பெட்டி வீட்டுல ஒரு மூலைகூடக் கெடைக்காது. உங்கிட்ட நான் பாதி வாடகைதானே வாங்குறேன், மீதி எங்கேர்ந்து வருதுன்னு நெனச்ச? என் பாசத்துலேர்ந்தா?"

சம்பளம் போதாதென்று நெலிடாவுக்கும் தெரியும். போன மாதம்தான் கிணற்று முகாமில் பெருக்கும் வேலை கேட்டுப் போயிருந்தாள். வாசலில் இருந்தவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், வயசுப் பொண்ணுங்கதான் வேணும் என்றான். அவள் ஆடு மேய்த்து வளர்ந்த மேட்டில் அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

பேச்சுச் சத்தத்தில் விழித்து அந்தப் பையன் வந்து நின்றான். கன்னத்தில் தலையணைத் தையலின் தடம். அவளுடைய தலையணை.

"மன்னிச்சிருங்க அக்கா. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க." நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "தலையணையில உங்க முடி கெடக்கும். குப்பையில போட மனசு வராது. ஜன்னல்ல எடுத்து வெச்சிருவேன்."

ஜன்னல் விளிம்பில் சுருண்டு கிடந்த முடிகளைக் காற்று கொண்டுவந்ததென்று அவள் நினைத்திருந்தாள். மேலெல்லாம் கூசியது. அவனைத் திட்ட வாய் வரவில்லை. அது இன்னும் அருவருப்பாக இருந்தது.

ரமோனா சுரைக்குடுவையில் இலைமேல் வெந்நீர் ஊற்றி, குழலில் முதலில் தான் உறிஞ்சிவிட்டு, மீண்டும் நிரப்பி அவனுக்குக் கொடுத்தாள். அவன் உறிஞ்சித் திருப்பிக் கொடுத்தான். மறுபடி ஊற்றி நெலிடாவிடம் நீட்டினாள். ஒரே குடுவை, ஒரே குழல். மேய்ச்சல் காட்டில் பேர் தெரியாதவர்களோடெல்லாம் பகிர்ந்து குடித்தவள்தான்; ஒருநாளும் குழலைத் துடைத்ததில்லை. இன்று பாவாடை நுனி கைக்கு வந்துவிட்டது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடைக்காமலே உதட்டில் வைத்தாள். குழல் சூடாக இருந்தது.

குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘நன்றி’ என்று சொன்னால், ‘எனக்கு இனி வேண்டாம்’ என்று அர்த்தம். பிறகு அந்த ஆளுக்கு யாரும் ஊற்றமாட்டார்கள். சொல்லிவிட்டு எழுந்தால் துணிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு இந்த வீட்டைவிட்டே எழ வேண்டும். கசப்பு இறங்கும்வரை அந்தச் சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே தண்ணீர் லாரி ஒன்று போனது. அலமாரிக் கோப்பைகள் நடுங்கின.

குடுவையை நீட்டினாள். நன்றி என்று சொல்லவில்லை.

ரமோனா ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு, முகத்தைப் பார்க்காமல், கெட்டிலைச் சாய்த்தாள். மூன்று பேர் எச்சிலும் பட்ட குழலைச் சுற்றிப் பச்சை நுரை மெல்ல மேலே ஏறியது.