செஃபெரினோ லூக்கேயின் இடது கால்

எண்பத்தாறாம் வருஷம் ஏப்ரல் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அங்க்லா கால்பந்து கிளப்பின் ஃபார்வர்டு செஃபெரினோ லூக்கே எதிரணிக்காரனிடம் உதை வாங்கியபோது, தொடைச்சதை கிழிந்தது அவனுக்கல்ல. கேலரியில் ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்றாம் நம்பர் பஸ் டிரைவர் நெலிதாவுக்கு. அவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த நிமிஷமே கோல் போட்டான். அவளை இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். துறைமுக ஊரான புவெர்த்தோ அல்கரோபோவில் அன்று யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. பதினாலு மாதத்துக்குப் பிறகு கிளப் ஜெயித்திருந்தது.

இதில் கூத்து என்னவென்றால், அவனை எடுக்கவே கூடாது என்று பிப்ரவரியில் தொண்டை கிழியக் கத்தியவளே நெலிதாதான். பெரிய நகரத்துக் கிளப்புகளின் கதை வேறு; அங்க்லாவில் ஓர் ஆட்டக்காரனை எடுப்பதென்றால் உறுப்பினர்கள் கூடிக் கை தூக்க வேண்டும். மருந்துக்கடை வைத்திருந்த தலைவர் எலாதியோ எழுந்து லூக்கேயின் காயப் பட்டியலை வாசித்தார். மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை கைமாறிக் கைமாறிக் கூடத்தை இரண்டு சுற்று வந்தது, வெந்நீர் தீர்ந்தது, மறுபடி கொதிக்கவும் வைத்தார்கள், பட்டியல் மட்டும் முடிந்தபாடில்லை. கணுக்கால் ஆறு தடவை, தொடை ஒன்பது தடவை, தோள்பட்டை, விலா எலும்பு, கோல் போட்ட குஷியில் கம்பத்தைக் கட்டிப்பிடித்து உடைத்துக்கொண்ட மூக்கு. முழுசாக ஆடியது போன வருஷம் ஒன்பதே ஆட்டம். அந்த ஒன்பதில் பதினோரு கோல். அங்க்லா முழு வருஷத்துக்கும் போட்டது பன்னிரண்டு.

"ஃபார்வர்டு கேட்டா பீங்கான் தட்டைக் கொண்டாந்து வைக்கிறீங்களே, வெக்கமா இல்லையா? இவனுக்கு ஜெர்சி தைக்கிறதா, கட்டுத்துணி கிழிக்கிறதா?" என்றாள் நெலிதா. அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரர் பௌதிலியோ, மைதான வாசலில் இறைச்சி அடைத்த எம்பனாதா பொரித்து விற்பவர், இருபது வருஷமாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டே ஆட்டம் பார்ப்பவர், உட்கார்ந்தபடியே சொன்னார்: "முழுசா இருக்கிறவன் நம்ம கிளப்புக்கு எதுக்குக்கா வரப்போறான்? நமக்கு வாய்ச்சது இதுதான். கையைத் தூக்குங்க." இருநூற்று நான்கு கைகள் வேண்டுமென்றன, இருநூற்று ஒன்று வேண்டாமென்றன. நெலிதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "சரி. அவன் எந்த நிமிஷம் உடையறான்னு நான் கண்கொட்டாம பார்க்கறேன். உடைஞ்ச அன்னைக்கு உங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்து சொல்றேன்" என்று சபதம் போட்டாள். அப்படியே செய்யவும் செய்தாள். ஊரே பந்தைப் பார்த்தது. அவள் மட்டும் லூக்கேயின் இடது காலைப் பார்த்தாள்.

ஏப்ரல் வெற்றிக்குப் பிறகு அவளை எலும்பு கட்டுபவரிடம் போகவே விடவில்லை. அந்த ஊரில் ஜெயித்த அன்று என்ன நடந்ததோ அது அப்படியே திரும்ப நடக்க வேண்டும். அதே சட்டை, அதே இருக்கை, அதே வரிசையில் அதே ஆட்கள். தோல்வியடைந்த ஞாயிறுகளில் மாற்றிப் பார்க்கலாம், ஜெயித்த ஞாயிற்றில் கை வைத்தால் தொலைந்தது. நெலிதா நொண்டியபோது ஜெயித்தார்கள், ஆகவே நெலிதா நொண்ட வேண்டும். பௌதிலியோவே அவள் வீட்டு வாசலில் நின்று, "குணமாயிடாதீங்கக்கா, கையெடுத்துக் கும்பிடறேன்" என்றார். அவள் செருப்பை எடுத்துக் காட்டினாள். ஆனாலும் போகவில்லை, அவளும் அந்த ஊர்க்காரிதானே.

மே மாதம் அவளுக்குக் கணுக்கால் சுளுக்கியது, அங்க்லா ஜெயித்தது. ஜூனில் இடது பாதத்தில் இரண்டு விரல், அதுவும் வெற்றி. ஜூலையில் ஒருநாள் பௌதிலியோவிடம் எம்பனாதா வாங்கத் திரும்பிய அந்த நொடியில் லூக்கே சுருண்டு விழுந்தான், ஒரு மாதம் படுத்துக்கிடந்தான், மூன்று ஆட்டம் போயிற்று. அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. அவன் காலை யார் பார்க்கிறார்களோ, அடி அவர்களுக்குத்தான் போகிறது. விளங்கி என்ன பயன், வெளியே சொல்ல முடியாது. ராசியை வாய்விட்டுச் சொன்னால் அது அந்த இடத்திலேயே செத்துப்போகும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். செப்டம்பரில் அவள் எதை இப்படி முறைத்துப் பார்க்கிறாள் என்று பௌதிலியோவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் லூக்கேயை மிதித்தார்கள். அன்று அவளுக்குப் பாதி வலிதான். மீதிப் பாதியோடு வீட்டுக்குப் போன பௌதிலியோ புதுச் செருப்பைத் திட்டினார். அதை அவள் மனதில் குறித்துவைத்துக்கொண்டாள்.

இதற்குள் பஸ் கம்பெனியில் அவள் விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. இடது கால் இல்லாமல் கிளட்ச் மிதிப்பது எப்படி? இன்னொரு தடவை முடியவில்லை என்று வந்தால் டிக்கெட் கவுண்டர்தான், இந்த ஜென்மத்தில் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த ஊரில் பஸ் ஓட்டிய முதல் பெண் அவள். அந்த இருக்கையில் உட்கார ஏழு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள். அதை விடுவதைவிட உயிரை விடுவது அவளுக்குச் சுலபம்.

டிசம்பரில் கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கையில் லூக்கே அவள் பஸ்ஸில் ஏறினான். தினமும் பயிற்சிக்கு அதில்தான் போவான். ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று டிரைவர் சீட்டின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, என் கால் உங்ககிட்ட இருக்கு. எனக்குத் தெரியும்."

"படிக்கட்டுல நிக்காதே. உள்ள போ."

"முன்ன ஒரு ஊர்ல தபால்காரர் ஒருத்தர் இருந்தாரு. என்மேல துளி நம்பிக்கை கிடையாது அவருக்கு. இவன் எப்ப விழுவான்னு காலையே பார்த்துக்கிட்டிருப்பாரு. அவர் போய்ச் சேர்ந்தப்புறம் எல்லாம் எனக்கே விழுந்துச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "முழங்கால் நார் நாரா இருக்குக்கா. இந்தத் தடவை போனா திரும்பாது. யார்கிட்ட போனாலும் திரும்பாது. ஞாயித்துக்கிழமை நீங்க பந்தைப் பாருங்க."

நெலிதா அடுத்த நிறுத்தத்தில் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது, அதைவிட ஆத்திரமாக வந்தது. இப்படி ஒரு நல்லவனாக அவன் இருந்து தொலைப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் மட்டுமே அங்க்லா லீக்கில் அதே பிரிவில் நீடிக்கும், இல்லையென்றால் கீழே இறக்கிவிடுவார்கள். நாலாயிரம் பேர் மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். நெலிதா பந்தைப் பார்க்க முயன்றாள். பந்து போன பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பினாள், கண் திரும்பத் திரும்ப அந்தக் காலுக்கே வந்தது. எழுபதாவது நிமிஷம் வரை கோல் இல்லை. எழுபத்தெட்டில் லூக்கே ஒரு தாவு தாவி இறங்கியபோது அவள் முழங்காலுக்குள் ஒரு நரம்பு அறுந்தது. எண்பத்தொன்றில் இன்னொன்று. கண்ணை மூடினால் பஸ் தப்பிக்கும். அவன் விழுவான், கிளப் போகும். திறந்திருந்தால் கால் போகும், காலோடு பஸ்ஸும் போகும். எண்பத்தாறாவது நிமிஷத்தில் நடுக்கோட்டருகே பந்து அவனிடம் வந்தது. எதிரே அந்த வட்டாரத்திலேயே கரடுமுரடான தடுப்பாட்டக்காரன் ஓடி வந்தான்.

நெலிதா நொண்டிக்கொண்டே இருக்கைமேல் ஏறி நின்று ஊரை நோக்கித் திரும்பினாள்.

"பந்தைப் பார்க்காதீங்க! அவன் இடது முழங்காலைப் பாருங்க! எல்லாரும் பாருங்க! இத்தனை மாசமா அவன் அடியெல்லாம் நான்தான் வாங்கறேன், இனி என்னால தனியா முடியாது!"

"ஐயோ, சொல்லிட்டாளே!" என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். "இறங்குடி கீழே!" என்றது ஒரு குரல். எலாதியோவின் முகம் வெளுத்துப்போனது. பௌதிலியோ மட்டும் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார், நெலிதாவைப் பார்த்தார். "துறைமுகத்துல பிறந்த பயலுகதானேடா நாம! மூட்டைன்னா ஆளுக்கொரு கை போட மாட்டமா? பாருங்கடா!" என்று கத்திவிட்டு முதல் ஆளாகக் கண்ணைத் திருப்பினார். ஏழாவது வரிசை திரும்பியது. அப்புறம் ஆறாவது, எட்டாவது. வானொலி அறிவிப்பாளர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். எதிரணி முந்தின நாளே வந்துவிட்டது, வெள்ளத்தில் பாலம் போனதால் அந்த ஊர் ரசிகர்கள் அன்று ஒருவர்கூட வரவில்லை. நாலாயிரம் பேர், எண்ணாயிரம் கண், ஒரே ஒரு முழங்கால்.

தடுப்பாட்டக்காரனின் பூட்ஸ் அதில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கேலரி முழுவதும் ஒரே நேரத்தில் "ம்" என்று முனகியது, பல்லைக் கடித்துக்கொண்டு எறும்பு கடித்த அளவு வலியை வாங்கிக்கொண்டது. லூக்கேயின் கால் மடங்கவில்லை. அந்தக் கால் ஓடியது, இன்னொருவனைச் சுற்றியது, நின்றது, பின்னால் போனது, முன்னால் வந்தது. அப்புறம் வலை அசையும் சத்தம். யாரும் கத்தவில்லை. நடுவர் விசில் ஊதியதும்தான் நிமிர்ந்து, "கோலா? கோலா?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள்.

அந்த கோலை புவெர்த்தோ அல்கரோபோவில் ஒருவரும் பார்க்கவில்லை. சக ஆட்டக்காரர்களும் எதிரணிக்காரர்களும் முழங்காலைத்தான் பார்த்தார்கள், நடுவரும் வலை அசைந்த பிறகுதான் பந்தைப் பார்த்தாராம். லூக்கேயே சத்தியம் செய்கிறான், உதைத்ததும் கேலரியைப் பார்த்துவிட்டானாம், தன் காலை அத்தனை பேர் பார்த்து அவன் கண்டதில்லையாம். ஒளிப்பதிவாளரும் உள்ளூர்க்காரர், நாடா பத்திரமாக இருக்கிறது, அதில் பதினோரு வினாடி முழங்கால்தான் இருக்கிறது. பார்த்தவர் எதிரணி கோல்கீப்பர் ஒருவர்தான். அவரை ஒவ்வொரு டிசம்பரிலும் வரவழைத்து, இறைச்சி சுட்டுப் போட்டு, அது எப்படி உள்ளே போனது என்று சொல்லச் சொல்கிறார்கள். முதல் வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். இப்போது கையை வீசி நடித்தே காட்டுகிறார்.

ஊர் முழுவதும் இடது பக்கம் துளி சாய்ந்துதான் நடக்கிறது. மழை வருவதற்கு முன்னால் நாலாயிரம் பேர் முழங்காலைத் தேய்த்துக்கொள்வார்கள், துணி உலர்த்தியவர்கள் அதைப் பார்த்து எடுத்து உள்ளே போடுவார்கள். மூன்றாம் நம்பர் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். மேலதிகாரிக்கும் அதே முழங்கால் என்பதால் ஒன்றும் சொல்வதில்லை. டிசம்பரில் கோல்கீப்பர் வந்து இறங்கினால் நெலிதாதான் பஸ்ஸில் ஏற்றிக்கொள்கிறாள், ஊரார் கேட்பதற்கு முன்பே அவள் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"எனக்கு வலது பக்கம்க்கா. தரையோட தரையா."

"நீங்க பாயலையா?"

"பாய்ஞ்சேன். எட்டலை."

நெலிதா தலையாட்டிவிட்டு கிளட்ச்சை மிதிப்பாள். முழங்கால் லேசாகச் சுருக்கென்று குத்தும். பஸ் கிளம்பும்.