மேயோக்காரனின் வேண்டாம்

கவென்ட்ரி ஐரிஷ் சங்கத்தில் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு. அயர்லாந்தைவிட்டு வந்து, இங்கிலாந்துக்காரனுக்கு ரோடு போட்டே முதுகொடிந்த கிழவர்களுக்கு இலவசமாகப் பன்றிக்கறியும் முட்டைக்கோசும். சங்கத்தில் வேலை பார்க்கும் ஜெம்மா என்ற ஆங்கிலேயப் பெண் ஃபெஸ்டஸ் என்ற கிழவன் பக்கம் குனிந்தாள்.

"கப்பலேறி உங்க ஊரு மேயோவுக்குப் போற பஸ்ல ஒரு சீட் காலியா இருக்கு, ஃபெஸ்டஸ். செலவெல்லாம் சங்கத்தோடது. வர்றீங்களா?"

கிழவன் நிமிர்ந்து பார்த்தான். மேயோவில், கன்னியர் மடத்து முதியோர் இல்லத்தில், அக்கா டீலியா கண் தெரியாமல் சாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். அம்மாவின் சாவுக்குப் போகாத நாளிலிருந்து அவளோடு போனில்கூடப் பேசக் கூசிக் கிடந்தவன். கையில் காசும் இல்லை. மனசு அப்போதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வாய்தான் மேயோ வாய்.

"ஐயோ, வேண்டாம்மா. எனக்கெதுக்கு? தேவைப்படறவங்களுக்குக் குடு."

மேயோவில் கேட்டதுமே ஒரு வாய் டீயை வாங்கிக் குடிப்பவன்கூடக் காணாததைக் கண்டவன் என்று பேர் வாங்குவான். முதலில் வேண்டாம் என்பார்கள், கொடுப்பவர் கெஞ்சுவார், அப்புறம் கொஞ்சம் இளகின வேண்டாம், மறுபடி கெஞ்சினால் சரி. ஃபெஸ்டஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கெஞ்சலுக்குக் காத்திருந்தான்.

"சரி, உங்க இஷ்டம்," என்றாள் ஜெம்மா மரியாதையாக. பெரியவர்களை வற்புறுத்தக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எதிரே பார்ட்லி. ஃபெஸ்டஸின் ஊர்க்காரன்தான். ஆனால் மேயோவில் பார்ட்லியைத் தேட ஒரு நாய்கூடக் கிடையாது. அந்த வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்று நன்றாகத் தெரிந்த பாவி அவன்.

"அதான் வேண்டாம்னுட்டானே. எனக்குக் குடும்மா!"

"இல்ல, நான் வந்து..." என்று ஃபெஸ்டஸ் இழுத்தான்.

"என்னடா? பிச்சைக்காரன் மாதிரி இப்ப வேணுங்கறியா?"

மேசையே சிரித்தது. ஃபெஸ்டஸுக்குக் காது சிவந்தது. பாழாய்ப்போன மானம். "அவனே போகட்டும்," என்றான்.

வாசலில் மட்டும் பார்ட்லியின் கையைப் பிடித்தான். "டீலியாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வாடா."

இரண்டு வாரம் கழித்துப் பார்ட்லி கன்னம் உப்பத் திரும்பி வந்தான். உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே பேசினான்.

"பாத்தேன்டா. நீன்னு நெனச்சு என் கையப் பிடிச்சுக்கிட்டா. நான் பார்ட்லின்னேன். அவன் ஏன் வரலேன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? சும்மா கூட்டிட்டுப் போறோம்னாங்க, வேண்டாம்னுட்டான்னா? சாகப்போறவகிட்ட அதச் சொல்ல மனசு வரல. நீ போன வருஷமே செத்துட்டதாச் சொன்னேன்."

ஃபெஸ்டஸுக்குத் திட்டத்தான் தோன்றியது. ஆனால் வேண்டாம் என்று சொன்னது அவன்தானே, அத்தனை பேர் முன்னாலும்.

"அழுதாளா?"

"விடிய விடிய. மறுநாள் உன் ஆத்மாவுக்குப் பூசை வெக்கச் சொன்னா. நானும் முட்டி போட்டேன். நல்ல கூட்டம்."

ஃபெஸ்டஸ் தள்ளாடி எழுந்தான். "இப்பவே போன் போடறேன். உசுரோடதான் இருக்கேன்னு சொல்றேன்."

"உக்காருடா. வியாழக்கிழமையே போயிட்டா. நான் கிளம்பறதுக்குள்ள அடக்கமும் ஆயிடுச்சு." பார்ட்லி வாயைத் துடைத்துக்கொண்டான். "உங்கம்மா கல்லறைக் கல்லுல அவ பேரோட உன் பேரையும் வெட்டச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா. தப்பில்லாம வெட்டணுமேன்னு நான்தான் பக்கத்துல நின்னு எழுத்துக்கூட்டிச் சொன்னேன்."