ஏழாம் நாள் போகாத கடிதம்

1

இப்போதெல்லாம் ஒருவனும் தன் கண்ணை நம்புவதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே, தண்ணீர் நிற்கிறது என்று எழுதிக் கொடு என்கிறான். எழுதினால் தேதி எங்கே என்கிறான். தேதி போட்டால் சீல் எங்கே என்கிறான்.

இந்தக் கதை அந்த எரிச்சலில் பிறந்தது. என் பெயர் பட்டாபி. ஆறாம் வகுப்போடு நின்றவன். கல்கத்தாவில் சுந்தரராஜன் என்ற கட்டட கான்ட்ராக்டரிடம் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். அவர் கொடுத்த காளிகாட் அறையில்தான் இன்றும் குடியிருக்கிறேன். நான் கையால் எழுதுகிறேன். பவானிபூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நீலாவதி அடித்துக் கொடுக்கிறாள். அவளும் கதையில் வருகிறாள். அதுதான் தொந்தரவு.

(எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மாமா. – நீலாவதி)

அடித்த பிரதியில் இதைப் பார்த்தேன். எடு என்றேன். எடுக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "அன்று வானம் பிளந்துகொண்டு..." வேண்டாம். வானம் பிளக்கவில்லை. மழை பெய்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: "ஒப்பந்தத்தின் முப்பத்தெட்டாம் பக்கத்தில்..." இதற்கு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நாங்களும் அந்தப் பக்கம் வரை போகாதவர்கள்தாம்.

மூன்றாவதாக, நடந்தது. தொண்ணூற்றேழு செப்டம்பர். கரியாஹாட் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஏழு மாடிக் கட்டடம். பதினோராம் தேதி மழையில் அஸ்திவாரக் குழி குளமாயிற்று. கம்பெனி இன்ஜினியர் அமலேந்து பாபு பேன்ட்டைச் சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தார். "ஈஷ்!" என்று உச்சுக் கொட்டினார். சுந்தரராஜனுக்கு அது போதுமாக இருந்தது.

"அவரே நனைஞ்சுட்டார் ஓய், இதுக்கு மேல என்ன லெட்டர்? தண்ணியை இறைங்கோ."

இறைத்தோம். அந்த முப்பத்தெட்டாம் பக்கம் சொன்னது இதுதான்: வெள்ளம், பூகம்பம், யுத்தம் என்று மனிதனை மீறி ஏதாவது வந்தால் கெடு நீளும், வேலையைப் பிடுங்க மாட்டார்கள். ஆனால் ஏழு நாளைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெய்ய வைத்த கடவுளுக்கு ஒரு கெடுவும் கிடையாது. நனைந்தவனுக்குத்தான்.

3

அதைக் கண்டுபிடித்தவள் நீலாவதி. அப்போது எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட். கண்டுபிடித்த தேதி பதினேழு, விஸ்வகர்மா பூஜை. அன்று இந்த ஊரில் லாரி, லேத், கொத்தனார் கரண்டி, ரிக்‌ஷா எல்லாவற்றுக்கும் மாலை. ஒன்றையும் தொடக் கூடாது. நம் ஆயுத பூஜை மாதிரிதான், கூடவே வானம் நிறையக் காத்தாடி. எங்கள் டைப்ரைட்டருக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, சீலையும் லெட்டர் பேடையும் சாமி படத்தடியில் வைத்தவன் நான்.

"மாமா, ஏழு நாளைக்குள்ள சொல்லணுமாம். இன்னிக்குத்தான் ஏழாவது நாள்."

"எங்க போட்டிருக்கான்?"

"முப்பத்தெட்டாம் பக்கத்துல."

"அவ்வளவு தூரம் உன்னை யாரு போகச் சொன்னா?"

"மாலையைக் கொஞ்சம் எடுங்கோ. ஒரே ஒரு பக்கம்."

"பூஜை பண்ணின மெஷின். கை வெச்சே, விரலை ஒடிச்சுடுவேன்."

"அப்போ கையால எழுதிடறேன்."

"சீல் இல்லாத லெட்டரை எவன் நம்புவான்? கிறுக்கல்னு தூக்கிப் போடுவான்."

('உனக்குக் கல்யாணம் ஆகாததே இந்த வாயாலதான்'னும் சொன்னேள். அதை விட்டுட்டேள். – நீலாவதி)

விட்டுவிட்டேன். கதையில் இடம் போதாது.

சுந்தரராஜன் வீட்டுப் போன் மழையில் செத்துக் கிடந்தது. நீலாவதி தெருவோர டைப்பிஸ்டிடம் ஓடினாள். அவன் மெஷினுக்கும் மாலை. அவன் மொட்டை மாடியில் காத்தாடி விட்டுக்கொண்டிருந்தான்.

4

பதினெட்டாம் தேதி கடிதம் போனது. ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. அமலேந்து பாபு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "கீ கொர்போ, தாதா? என்ன செய்யறது அண்ணா, ஒரு நாள் லேட்" என்று கையை விரித்தார். கட்டட வேலை கையை விட்டுப் போயிற்று.

"யாருய்யா லேட் பண்ணினது?" என்று சுந்தரராஜன் கத்தினார்.

நான் சிமென்ட் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீலாவதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானமே அவளை நிறுத்திவிட்டார். கான்ட்ராக்ட்டைத் தொலைத்தவள் என்று இன்றும் வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டிருக்கிறார். தமிழர்கள் யாரும் அவளிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதில்லை. முகூர்த்தம் தவறிவிடுமாம்.

இங்கே ஒரு முடிவு வேண்டும்.

முடிவு அ: நான் எழுந்து, "தடுத்தது நான்தான்" என்கிறேன். எழுதிப் பார்த்தேன். அந்தப் பட்டாபியை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

முடிவு ஆ: அவள் மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அடிக்கிறாள். வேலை நிலைக்கிறது. விஸ்வகர்மா கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியானால் நான் அன்று தடுத்தது...

5

மேலே உள்ள பக்கத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டாயிரத்து ஆறு, மறுபடியும் விஸ்வகர்மா பூஜை. கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை.

"இதை அடிச்சுடு."

"நாளைக்கு, மாமா. இன்னிக்குத் தொட மாட்டேன்."

"பழி வாங்கறியா?"

"இன்னிக்குக் கையாலதான்." வெள்ளைத் தாளை நீட்டினாள். "'தடுத்தது நான்'னு ஒரு வரி. கீழ கையெழுத்து. கடைக் கண்ணாடியில ஒட்டிக்கறேன்."

"அதான் கதையில எழுதியிருக்கேனே!"

"கதைன்னா, பட்டாபி ரீல் விடறான்னு சிரிச்சுட்டுப் போயிடுவார் உங்க சுந்தரராஜன். கையெழுத்தைப் பார்த்தா வாயை மூடிப்பார்."

அவர் வாயை மூடிக்கொள்வார், சரி. என் அறைக் கதவையும் சேர்த்து மூடுவார்.

பேனாவைத் திறந்து கொடுத்தாள். 'த' என்று எழுதினேன். பிறகு மூடியைப் போட்டேன்.

"பேனாவும் ஆயுதந்தானேம்மா. பூஜை நாள்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தாளை மடித்து மாலைக்கு அடியில் வைத்தாள்.

"ஏழு நாள் டைம் தரேன், மாமா."

வெளியே வந்தேன். மேலே காத்தாடிகள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டிருந்தன. நடந்தது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். ஒரு காகிதத்தில் நான் கிறுக்கினால் அது இன்னும் கொஞ்சம் நடந்ததாகிவிடுமா? எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஏழாம் நாள் என்ன ஆயிற்று என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் காளிகாட் பக்கமாக நடந்துவிட்டேன்.